நீலப் பையில் பாலும் தபாலும்

லேக் கார்டன்ஸ்
ஏப்ரல் 22, செவ்வாய் காலை

பாங்க் ஆபீசர் மதுவந்தி அவர்களின் திவ்ய சமுகத்துக்கு,

உன் தாய்மாமனும், மூன்றாம் மாடி சமஸ்தானத்தின் முன்னாள் அதிபதியும், வியாழக்கிழமை முதல் பேச்சுவார்த்தை மறுக்கப்பட்ட ஆயுள் கைதியுமான குருமூர்த்தி கைகூப்பி எழுதிக்கொள்வது.

நீ என்னோடு பேசவில்லை என்று சொன்னால் அது பொய். பேசுகிறாய். ஐந்து மாதக் குழந்தையைத் தூது வைத்துப் பேசுகிறாய். "அபி, இந்த வீட்ல ஒருத்தர் ஈரத் துண்டைக் கட்டில் மேல போடறாருடா." "அபி, எனக்கு ராத்திரி சாப்பாடு வேண்டாம்னு சொல்லிடுடா." அபினவ் இரண்டு செய்தியையும் பொக்கை வாயில் போட்டு மென்றுவிட்டு என்னைப் பார்த்து எச்சில் ஒழுகச் சிரிக்கிறான். மகாபாரதத்தில்கூட இவ்வளவு மோசமான தூதுவன் கிடையாது. போனிலோ என்னைத் தடை செய்துவிட்டாய். தடை செய்யாவிட்டாலும் என் காதுக்குப் போன் என்பது கிணற்றுக்குள்ளிருந்து தவளை கூப்பிடுகிற மாதிரிதான்.

எனவே இந்த வீட்டிலிருந்து தினமும் உன்னோடு ஹவுரா போய்த் திரும்புகிற ஒரே பிரஜையான நீலப் பையின் காலில் விழுந்தேன். ஐஸ் கட்டிகளுக்கும் காலி பாட்டில்களுக்கும் நடுவில், பிளாஸ்டிக் உறைக்குள், இதோ நான்.

என் கட்சியைக் கேள். அன்றைக்கு வந்தது காலவைசாகிப் புயல் இல்லை, பிரளயம். எதிர்வீட்டு முகர்ஜியின் தண்ணீர்த் தொட்டி மூடி கிளம்பிய வேகத்தைப் பார்த்தால் இந்நேரம் ரங்கூனில் தரை இறங்கியிருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் மேல் மரம் விழுந்து கரண்ட் போயிற்று. நீ ஹவுராவில் மாட்டிக்கொண்டாய். பிரீஸரிலோ நீ மெஷின் வைத்து எடுத்து, பை பையாகச் சேர்த்த பால். உருகுகிறதா என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கதவைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். என்ன மாயமோ, பார்க்கப் பார்க்க அதிகமாக உருகியது.

பால் கெடப் போகிறது என்றால் நம் வம்சம் ஏழு தலைமுறையாகச் செய்வது ஒன்றுதான். காய்ச்சுவது. காய்ச்சினேன். எல்லாப் பையையும் ஒரே குண்டானில் ஊற்றி, மூன்று பொங்கு பொங்க விட்டு, தட்டு போட்டு மூடி, நீ வந்ததும் மார்தட்டிக்கொண்டு திறந்து காட்டினேன். நீ அந்தக் குண்டானைப் பார்த்த பார்வையை என் எதிரிகூடப் பார்க்கக் கூடாது.

தண்டனை எதுவானாலும் சரி. வார்த்தை மட்டும் கொடு, தாயே.

இங்ஙனம்,
பாலைக் காய்ச்சிய பாவி

*

ஹவுரா
ஏப்ரல் 22, பிற்பகல்

மாமா,

பையில் காகிதம் வைக்காதீர்கள். அது சுத்தமாக இருக்க வேண்டிய பை.

உங்களுக்குப் புரிந்ததா இல்லையா என்று தெரியாததால் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். உருகின பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது. காய்ச்சினால் அதில் இருக்க வேண்டியதில் பாதி போய்விடும். அது பசும்பால் இல்லை. ஒவ்வொரு பையிலும் தேதி எழுதியிருந்தேனே, பார்த்தீர்களா? மார்ச் பதினொன்றாம் தேதிப் பை ஜுரத்தோடு எடுத்தது. ஹோலிக்கு முந்தின நாள் எடுத்ததில் பாதி மேஜையில் கொட்டிவிட்டது. மிச்சத்தை மூடி போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே குண்டானில் ஊற்றிவிட்டீர்கள்.

மே ஐந்திலிருந்து ஒன்பது வரை ஹைதராபாத்தில் அந்நியச் செலாவணிப் பயிற்சி. அதை முடித்தவர்களைத்தான் கல்கத்தா மெயின் ஆபீஸில் வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் ஜூனில் மாற்றல் லிஸ்டில். மால்டாவோ கூச்பிஹாரோ, எங்கே தூக்கிப் போடுவார்களோ. அந்த ஐந்து நாளுக்குத்தான் அந்தப் பால். பவுடர் பாலை அவன் துப்பினதை நீங்களே பார்த்தீர்கள், உங்கள் சட்டை மேலேயே துப்பினான். விக்ரம் கப்பலிலிருந்து ஆகஸ்டில்தான் இறங்குவார். அம்மா இருந்திருந்தால் உங்களைப் பிரீஸர் பக்கமே விட்டிருக்க மாட்டாள்.

போக முடியாது என்று இன்னும் மேனேஜரிடம் சொல்லவில்லை. சொல்லிவிடுவேன்.

மது

*

லேக் கார்டன்ஸ்
ஏப்ரல் 24, வியாழன் காலை

மதும்மா,

காகிதம் வைக்காதே என்றாய். வைத்திருக்கிறேன். பிளாஸ்டிக் உறையை வெந்நீரில் கழுவி, வெயிலில் காயவைத்து, அதற்குக் காவலாக நானே நின்று வைத்திருக்கிறேன். வைஸ்ராய்க்கு வந்த தபாலுக்குக்கூட இத்தனை மடி ஆசாரம் இருந்திருக்காது.

பிரீஸருக்கும் எனக்கும் இனி ஆறடி இடைவெளி. குளிர்ந்த தண்ணீர் வேண்டுமென்றால் மாலதியிடம் விண்ணப்பம் போடுகிறேன். அவளும் ஆயா என்பதை மறந்து ஜெயிலர் ஆகிவிட்டாள். "தாது, நீங்க தள்ளி நில்லுங்க" என்று வங்காளத்தில் அதட்டுகிறாள், தாத்தாவாம் நான். தேயிலைக் கம்பெனியில் நாற்பது வருஷம் வெள்ளைக்காரனும் மார்வாடியும் கண்டு நடுங்கிய குருமூர்த்தி, தள்ளி நிற்கிறேன்.

அபினவைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மாலதி அவனுக்குக் கடுகெண்ணெய் தேய்ப்பேன் என்கிறாள். தேங்காய் எண்ணெய்தான் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். பிளாசி யுத்தத்துக்குப் பிறகு வங்காளம் இப்படி ஒரு போரைப் பார்த்ததில்லை. சமாதான உடன்படிக்கை: காலுக்குக் கடுகு, தலைக்குத் தேங்காய். இரண்டும் வயிற்றில் வந்து கலந்துவிட்டன. வெயிலில் போட்டதும் கமகமவென்று ஒரு வாசனை கிளம்பியது பார், கொஞ்சம் கறிவேப்பிலை கிள்ளிப் போட்டால் உன் பிள்ளையை இலையில் பரிமாறிவிடலாம். கீழ்வீட்டு அம்மாள் மாடி ஏறி வந்து "என்ன சமையல்?" என்று கேட்டாள். சத்தியம். சரி, முக்கால் சத்தியம்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோது பகீரதனைப் பெரிய ஆள் என்று நினைத்திருந்தேன். வானத்திலிருந்து கங்கையைக் கொண்டுவந்தானாம். அது என்ன பிரமாதம்? என் மருமாள் கங்கைக்கு அடியில் மெட்ரோவில் உட்கார்ந்து தினம் பால் கொண்டு வருகிறாள்.

ஒன்று கேட்கலாமா? கேட்கக் கூடாதென்றால் இந்த வரியைப் படிக்காதே. நேற்றுச் சாயங்காலம் நீ பையைக் கீழே வைத்ததும் தூக்கிப் பார்த்தேன். கனமே இல்லை. முந்தாநாளும் அப்படித்தான். ஏன்?

ஆறடி தள்ளி நிற்கும்,
குருமூர்த்தி

*

ஹவுரா
ஏப்ரல் 25, வெள்ளி

மாமா,

ஏன் என்றால், வரவில்லை. அவ்வளவுதான். புயல் வந்த வியாழக்கிழமைக்குப் பிறகு பாதிகூட வருவதில்லை. மார் கல்லாகக் கட்டிக்கொள்கிறது, மெஷினை வைத்தால் சொட்டுச் சொட்டாக விழுகிறது. கோபப்பட்டால் இறங்காது என்கிறாள் கூட வேலை பார்க்கிற ஷபானா. கோபப்படாதே என்று சொன்னால் கோபம் போய்விடுமா?

நான் எங்கே உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. லாக்கர் அறைக்குள் கஸ்டமர்கள் நகைப் பெட்டியைத் திறந்து பார்ப்பதற்கு ஒரு சின்னத் தடுப்பு. ஒரு மேஜை, ஒரு ஸ்டூல், ஒரு பச்சைத் திரை. ஜன்னல் கிடையாது. லாக்கர் சாவி ஷபானாவின் பொறுப்பு என்பதால் யாரும் வராத நேரம் பார்த்து என்னை உள்ளே விட்டு, வெளியே நிற்பாள். சுற்றிலும் இரும்பு. யார் யார் வீட்டு வளையலும் சங்கிலியுமோ. நடுவில் நான் ரவிக்கையைத் திறந்து வைத்துக்கொண்டு. மெஷின் இழுக்கிற சத்தம் அந்த இரும்பில் பட்டுத் திரும்பி வரும். யாரோ பக்கத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி இருக்கும். சில நாள் அது துணையாகக்கூட இருக்கும், அவ்வளவு கேவலம்.

அபியின் போட்டோவைப் பார்த்தால் இறங்கும் என்று டாக்டர் சொன்னார். பார்த்தால் அழுகைதான் இறங்குகிறது.

நேற்று உங்கள் கடிதத்தை மெஷின் ஓடும்போது படித்தேன். படிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கறிவேப்பிலையில் வந்து சிரித்துவிட்டேன். சத்தமாக. வெளியே ஒரு கிழவர் தன் லாக்கருக்காக வந்து நின்றிருந்தாராம். "உள்ளே யார் சிரிக்கிறது, தங்கம் விலை ஏறிவிட்டதா?" என்று ஷபானாவிடம் கேட்டாராம். அதைக் கேட்டு இன்னும் சிரித்தேன். குனிந்து பார்த்தால் இரண்டு பாட்டிலும் நிரம்பிக்கொண்டிருந்தது.

நேற்றுப் பை கனமாக இருந்ததே, பார்த்தீர்களா? உடனே தலைகால் தெரியாமல் ஆடாதீர்கள். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. ஆனால் காகிதம் வைக்கலாம்.

மது

*

லேக் கார்டன்ஸ்
ஏப்ரல் 28, திங்கள் காலை

க்ஷீரசாகரத்தின் அதிபதி மதுவந்தி தேவிக்கு,

ஆடாதே என்றாய். ஆடவில்லை. சமையலறையிலிருந்து பால்கனி வரை ஒரே ஒரு நடை நடந்தேன், கொஞ்சம் தாளத்தோடு. அவ்வளவுதான்.

ஆக, நாற்பது வருஷம் தேயிலைக் கணக்கு எழுதித் தேய்ந்த இந்தக் கைக்குக் கடைசியில் அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது. பால் இறக்கும் உத்தியோகம். கிருஷ்ணன் குழல் ஊதினால் மாடுகள் சுரந்தனவாம். நான் பேனா திறந்தால் பாங்க் ஆபீசர் சுரக்கிறாள். உன்னை மாடு என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அது காமதேனு ரகம்.

மெஷினைப் போட்டுவிட்டாயா? சரி. இன்றைய செய்திகள். உன் பிள்ளை நேற்று லேக் கரையில் ஒரு நீர்க்காகத்தை முறைத்துப் பார்த்து ராஜினாமா செய்ய வைத்தான். காலை நடைக்கு வந்த ரிட்டயர்டு ஜட்ஜ் ஒருவர் தள்ளுவண்டிக்குள் குனிந்து "கீ நாம்?" என்று பேர் கேட்டார். இவன் அவருடைய மூக்குக் கண்ணாடியைப் பறிமுதல் செய்து மேல்முறையீட்டையும் தள்ளுபடி செய்துவிட்டான். பிறகு ஒரு ஏப்பம் விட்டான். மறுகரையில் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்த காலேஜ் பசங்கள் ஸ்டார்ட்டர் துப்பாக்கி என்று நினைத்துப் படகைக் கிளப்பிவிட்டார்கள்.

போதுமா, இன்னும் ஒரு அவுன்ஸ் வேண்டுமா? மாலதி என்னைச் சிவப்பு நூல் சுற்றிய ஒரு தாயத்தைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறாள், குழந்தைக்குக் கண் படாமல் இருக்க. "குழந்தைக்குக் கட்டேன்" என்றேன். "கண் வைக்கிறது நீங்கதானே தாது" என்றாள்.

இன்றைக்கு இவ்வளவுதான் வேடிக்கை. மிச்சம் வெறும் செய்தி. ஆறு மணிக்கு மாலதி போய்விடுகிறாள். ஏழரைக்கு நீ வருகிறாய். குழந்தையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாய். அதற்கப்புறம் இந்த வீட்டில் எனக்கும் மின்விசிறிக்கும்தான் பேச்சு. அதுவும் வயசான விசிறி, சொன்னதையே சொல்கிறது. உன் கதவைத் தட்ட எனக்கு யோக்கியதை இல்லை என்பதால் இதை ஹவுரா வழியாகச் சொல்லி அனுப்புகிறேன். நாலு எட்டில் இருக்கிற கதவுக்குக் கங்கையைத் தாண்டிப் போய் வருகிற தபால் இது ஒன்றுதான் உலகத்தில்.

இந்தப் பாராவைப் படித்துப் பால் நின்றுவிட்டால் மறுபடி கறிவேப்பிலைக்குப் போ.

கு.மூ.

*

ஹவுரா
மே 2, வெள்ளி

மாமா,

நிற்கவில்லை.

கதவை உங்கள் மேலுள்ள கோபத்தில் சாத்துகிறேன் என்று நினைத்தீர்களா? முதல் இரண்டு நாள் அப்படித்தான். அப்புறம் இல்லை. பகல் முழுக்க மெஷினுக்குக் கொடுத்துவிட்டு வந்து அவனை மடியில் போட்டால், சில நாள் அவன் என்னை யாரோ மாதிரி பார்க்கிறான். ஒரு நிமிஷம்தான். மூக்கால் தேடிக் கண்டுபிடித்துவிடுவான். அந்த ஒரு நிமிஷம் என் முகம் எப்படி இருக்கும் என்று யாரும் பார்க்க வேண்டாம் என்றுதான் கதவு.

நேற்று விக்ரம் பேசினார். சிக்னல் விட்டு விட்டு வந்தது. "பால் இருக்கா?" என்றார். "இருக்கு" என்றேன். "உனக்கு வேற என்ன வேணும்?" என்று கேட்டார், அதற்குள் கட்டாகிவிட்டது. கட்டாகாமல் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

போகிறேன் மாமா. டிக்கெட் வந்துவிட்டது. பிரீஸரில் சேர்ந்திருப்பது வியாழக்கிழமை ராத்திரி வரை வரும். வெள்ளிக்கிழமைக்கு இல்லை. எவ்வளவு இழுத்தும் அந்த ஒரு நாள் சேரவில்லை. அன்றைக்குப் பவுடர்தான். அவன் துப்புவான், கத்துவான். நீங்கள் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் வந்துவிடுவேன்.

முந்தாநாள் காலையில் "மாமா, குடை எங்கே?" என்று உங்களைப் பார்த்து நேராகக் கேட்டுவிட்டேன். அவசரத்தில் வந்துவிட்டது. நீங்கள் குடையைக் கொடுக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தீர்கள். எனக்கு மெட்ரோ போய்விட்டது.

ஹைதராபாத்துக்கு உங்களால் போன் பேச முடியாது. எழுதுங்கள். மாலதி போட்டோ எடுத்து அனுப்பட்டும்.

மது

*

ஹைதராபாத்
மே 7, புதன்

மாமா,

இதையும் காகிதத்தில்தான் எழுதுகிறேன். போட்டோ எடுத்து மாலதியின் போனுக்கு அனுப்புவேன். டைப் அடித்தால் ஆபீஸ் மெயில் மாதிரி வருகிறது.

உங்கள் இரண்டு கடிதமும் கிடைத்தன. அபி மேயர் தேர்தலில் நின்றது பற்றிப் படித்தேன். சிரித்தேன்.

ஹாஸ்டலில் ஃபிரிட்ஜ் ஒன்றுதான், கேண்டீனில். அதில் கூல் டிரிங்கும் கோழிக் குழம்பும். அங்கே கொண்டு போய் வைக்க முடியவில்லை. வைத்தாலும் கல்கத்தா வரை எப்படிக் கொண்டு வருவது? எடுக்காமல் இருந்தால் வலி, வற்றியும் போய்விடும். அதனால் எடுக்கிறேன். எடுத்து வாஷ்பேசினில் ஊற்றுகிறேன்.

முதல் தடவை ஊற்றிவிட்டுக் குழாயைத் திறக்கவில்லை. வெள்ளையாக ஓட்டையைச் சுற்றி வந்து இறங்கியது. அங்கே ஒரு சொட்டுக்காக லாக்கர் அறையில் உட்கார்ந்திருந்தேனே, அதே பால். கூட இருக்கிற பெண்ணுக்கு இருபத்து மூன்று வயசு. "தீதி, வீட்டு ஞாபகமா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

வகுப்பில் டாலரைப் பற்றிச் சொல்கிறார்கள். நான் நாளை மறுநாளைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். மாமா, வெள்ளிக்கிழமை அவன் எவ்வளவு அழுதாலும் அப்படியே எழுதுங்கள். மறைக்க வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். இந்த ஒரு தடவை உள்ளது உள்ளபடி.

மது

*

லேக் கார்டன்ஸ்
மே 9, வெள்ளி மாலை

மது,

அழவில்லை.

காலையில் மாலதி பவுடரைக் கரைத்தாள். நான் வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். தோளில் பழைய வேட்டி போட்டுத் தயாராக இருந்தேன், துப்பினால் தாங்க. பாட்டிலை வாயில் வைத்தேன். ஒரு தரம் நாக்கால் தள்ளினான். என்னைப் பார்த்தான். பிறகு குடித்தான். முழு பாட்டிலும் குடித்தான். காலி பாட்டிலை இழுத்துக்கொண்டு விடமாட்டேன் என்றான். மத்தியானமும் அப்படியே. இப்போது தூங்குகிறான். பொய்ஷாக் இருபத்தைந்து, வங்காளக் கவியின் பிறந்தநாள் என்று தெருமுனையில் மைக் கட்டிக் காலையிலிருந்து பெண் குழந்தைகள் பாடிக்கொண்டிருக்கின்றன. அதற்கும் அவன் விழிக்கவில்லை.

இதற்கு முன்னால் வேறொரு கடிதம் எழுதினேன். அதில் அவன் உனக்காக மூன்று தெருவுக்குக் கேட்கும்படி கதறினான். எதிர்வீட்டு முகர்ஜி போலீஸைக் கூப்பிட்டார், போலீஸ்காரரும் சேர்ந்து அழுதார். நல்ல கடிதம். உனக்குப் பிடித்திருக்கும். உள்ளது உள்ளபடி என்று நீ எழுதியிருந்ததால் கிழித்துப் போட்டேன்.

நீ சந்தோஷப்பட வேண்டிய செய்திதான் இது. ஆனால் அவன் குடிக்கக் குடிக்க எனக்கு உன்மேல் பரிதாபம் பரிதாபமாக வந்தது. அந்தப் பச்சைத் திரை, அந்த ஸ்டூல். "கொஞ்சமாவது அழேண்டா, உங்கம்மாவுக்காக" என்று காதில் சொன்னேன். கேட்கவில்லை. என் மாதிரி இவனுக்கும் காது மந்தம் போல.

இனி நீ லாக்கர் அறையில் போய் உட்கார வேண்டும் என்று அவசியம் இல்லை. உட்காராவிட்டால் பை போகாது. பை போகாவிட்டால் இந்தத் தபாலும் நின்றுவிடும். அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லப் போவதில்லை. உன் உடம்பு, உன் இஷ்டம். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்.

மாலதி போட்டோ எடுக்க நிற்கிறாள்.

மாமா

*

ஹைதராபாத்
மே 10, சனிக்கிழமை காலை

மாமா,

நேற்றுப் படித்தேன்.

முதலில் சந்தோஷம் வரவில்லை. கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. துப்பியிருக்கலாமே என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. பெற்றவளுக்கு அப்படித் தோன்றலாமா என்று யாரைக் கேட்பது? உங்களைத்தான் கேட்கிறேன். பதில் வேண்டாம்.

அப்புறம் படுத்துத் தூங்கிவிட்டேன். விடிகிறவரை. அவன் பிறந்ததிலிருந்து அப்படித் தூங்கவில்லை.

திங்கட்கிழமை பையை எடுத்துக்கொண்டு போவேனா மாட்டேனா, இன்னும் தெரியவில்லை. போகாவிட்டாலும் நீங்கள் எழுதுங்கள். கதவுக்கு அடியில் தள்ளிவிட்டால் போதும், கங்கையைத் தாண்ட வேண்டாம். நானும் எழுதுவேன். உங்களிடம் நேராகச் சொல்ல வராதது நிறைய இருக்கிறது.

இன்றைக்குக் காலையில் எழுந்தபோது நைட்டி முழுக்க நனைந்திருந்தது. கூட இருந்த பெண் நேற்றே ஊருக்குப் போய்விட்டாள், பக்கத்துக் கட்டில் காலி. உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்து, காலி பாட்டிலை விடமாட்டேன் என்று அவன் இழுத்ததைப் படித்தேன். "சமத்து" என்றேன். மெல்லத்தான் சொன்னேன். யாருமில்லாத அறையில் அது பெரிதாகக் கேட்டது. உடனே மறுபடி சுரக்க ஆரம்பித்தது. நான் மெஷினைத் தேடவில்லை. நனைந்துகொண்டே கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

மது